விளக்கம் கிடைக்காத ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? பெங்களூர்த் தமிழர்களின் அனுபவங்கள்

அல்சூர்:
சாயங்காலம் ஏழு மணி வாக்கில் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மேற்கிலிருந்து வரிசையாக வெள்ளை விளக்குகள், துளிச் சத்தம் இல்லாமல். நான் போட்ட கூச்சலில் பாதிக் கட்டடம் மேலே வந்துவிட்டது. கிழக்கே ஓர் இடத்துக்கு வந்ததும் முதல் விளக்கு அணைந்தது. அடுத்ததும் அதே இடத்தில். அதற்கடுத்ததும். அங்கே மேகமும் இல்லை, மரமும் இல்லை. "ஏதோ வாசல் இருக்கும்மா அங்கே" என்றார் என் மாமனார். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் என்று பையன் சொல்கிறான். இருக்கட்டும், ஒரே இடத்தில் அணைவானேன்?

விஜயநகர்:
அவற்றுக்குச் சொந்த விளக்கு கிடையாது அக்கா. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடிக்கும். அதுதான் பட்டுத் தெரிகிறது. கிழக்கே போகப்போக பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிடும். அந்த நிழலின் விளிம்புதான் மாமனார் சொன்ன வாசல். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 போனதிலிருந்து உலகம் முழுக்க இதே பரபரப்புதான். ஏவிய சில நாட்களுக்கு மட்டும் நெருக்கமாகப் போகும், அப்புறம் விலகி மங்கிவிடும். அடுத்த தொகுதி உங்கள் மாடிக்கு மேலே எப்போது வரும் என்று இணையத்தில் முன்கூட்டியே பார்க்கலாம். வாசல் கதையை வைத்து அப்படித் தேதி சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பசவனகுடி:
கவிபுரம் குகைக் கோயிலில் சங்கராந்தியன்று நின்றிருக்கிறேன். நெரிசலில் பாதி தரிசனம் முன்னால் நிற்பவரின் செல்போன் திரையில்தான். நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்த மாலை வெயில் மெல்ல நகர்ந்து லிங்கத்தைத் தொட்டபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. பக்கத்திலிருந்தவர், "இதை நாசாவாலேயே விளக்க முடியவில்லை" என்றார். (நாசாவை இழுக்காமல் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது.)

சூரியன் மறையும் இடம் டிசம்பர் 21 வாக்கில் தென்கோடிக்குப் போய்த் திரும்புகிறது. அப்படியானால் ஜனவரி 14 அன்று மறைகிற அதே இடத்தில் நவம்பர் கடைசியிலும் மறைந்தாக வேண்டும். வெயிலும் உள்ளே வந்தாக வேண்டும். நவம்பர் கடைசியில் போய் நின்றேன். வந்தது! கூட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, நிம்மதியாகப் பார்த்தேன். நேரு கோளரங்கத்தின் ஷைலஜா உள்ளிட்டோர் 2008இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். கணக்கு தெரிந்த பிறகு, குகைக்குள் இதை அமைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

ஜாலஹள்ளி:
எல்லாம் சரி, ஆனால் வேற்றுக்கிரகவாசி என்று வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டாம். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல், 1.3 விநாடிக்கு ஒருமுறை தப்பாமல் துடிக்கும் ரேடியோ சிக்னலைக் கண்டுபிடித்தபோது, அந்த விஞ்ஞானிகளே பாதி விளையாட்டாக 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் வானத்தின் வேறொரு மூலையில் இன்னொன்று அகப்பட்டது. இரண்டு மூலையிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே சமயத்தில் நம்மைக் கூப்பிடுமா? பச்சை மனிதர்கள் போய், பல்சார்கள் (வேகமாகச் சுழன்றபடி ரேடியோ அலை வீசும் விண்மீன்கள்) வந்தன.

1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஓஹாயோவில் 72 விநாடி பதிவான சிக்னல் வேறு ரகம். கணினித் தாளின் ஓரத்தில் ஜெர்ரி எஹ்மன் சிவப்புப் பேனாவால் 'வாவ்' என்று எழுதினார், அதுவே பெயராகிவிட்டது. பிறகு எத்தனையோ தடவை தேடியும் அது திரும்ப வரவில்லை. எங்கிருந்து வந்தது என்பதும் உறுதியாகவில்லை. என் மச்சான் ஒரே பிடியாக, அது வேற்றுக்கிரகவாசிகள் அனுப்பியதுதான் என்கிறான். எப்படி நம்புவது என்று கேட்டால், "திரும்ப வரும் பாருங்க மாமா, வரலைன்னா நான் சொன்னது தப்பு" என்கிறான். அந்த ஒரு பதிலுக்காகவே அவனோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.