மறு: ரெசிலியன்ஸ் – ‘மீள்திறன்’ ஏன் போதாது

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் பதில் தாமதம். ரெசிலியன்ஸ் (resilience) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘நிலைகுலையாமை’ என்று வைக்கலாம் என எழுதியிருந்தேன். அதற்கு மதுரை நண்பர் கேட்டிருந்தது:

> மீள்திறன் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்விதான். போன மாதம் வரை நானும் மீள்திறன் என்றுதான் எழுதிவந்தேன். சூழலியலாளர் ஹோலிங் பற்றி உயர்தர வகுப்பு (பிளஸ் டூ மாதிரி) மாணவர்களுக்கு நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன், மூன்றாம் பத்தியில் மாட்டிக்கொண்டேன்.

கனடாவில் வேலை செய்த சி. எஸ். ஹோலிங் 2019இல் காலமானார். ரெசிலியன்ஸ் என்ற சொல்லைச் சூழலியலில் ஊன்றியது 1973இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை. காலநிலை அறிக்கைகளிலும் நம்மூர்ப் பட்டறைப் பதாகைகளிலும் இன்று அந்தச் சொல் தொங்குகிறதே, தடம் பிடித்துப் போனால் பெரும்பாலும் அந்தக் கட்டுரையில்தான் போய் நிற்போம். அதில் அவர் செய்த காரியம் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்தது. குலுக்கிவிட்டால் எவ்வளவு வேகமாகப் பழைய இடத்துக்கு வருகிறது என்பது ஒன்று. அதை அவர் ஸ்டெபிலிட்டி என்றார். எவ்வளவு குலுக்கலை வாங்கிக்கொண்டும் உள்ளுறவுகள் அறாமல், வேறொன்றாக மாறாமல் இருக்கிறது என்பது மற்றது. ரெசிலியன்ஸ் இந்த இரண்டாவதுதான். 1996இல் முதலாவதற்குப் ‘பொறியியல் ரெசிலியன்ஸ்’, இரண்டாவதற்குச் ‘சூழலியல் ரெசிலியன்ஸ்’ என்று பெயர் வைத்து மறுபடியும் பிரித்துக் காட்டினார்.

அப்படியானால் மீள்திறன் எதைச் சொல்கிறது? முதலாவதை. எதிலிருந்து விலக்கிக் காட்ட அவர் அத்தனை பாடுபட்டாரோ, அதையே! 1986இல் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது, திரும்பக் கட்டினார்கள், குளத்தில் மறுபடி தண்ணீர் நின்றது. அதற்கு மீள்தல் என்பது கச்சிதமான சொல். காட்டுக்கு அது பொருந்தாது.

அவருடைய உதாரணமே கனடாவின் மொட்டுப்புழுதான். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் புழு பெருகி பால்சம் ஃபிர் மரங்களை மொட்டையடித்துவிடும். பார்க்கிறவனுக்குக் காடு அழிந்தது போலிருக்கும். ஆனால் புழு வராத காலத்தில் இந்த ஃபிர் மரங்கள் நெருக்கி வளர்ந்து ஸ்ப்ரூஸையும் பேர்ச்சையும் திணறடிக்கின்றன. புழு வந்து ஃபிரைத் தின்றால்தான் மற்ற இரண்டுக்கும் மூச்சு. எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்குகிறது, ஆனால் மூன்று மரமும் புழுவும் சேர்ந்த அந்தக் காடு தொடர்கிறது. ஆட்டமே அதன் பிழைப்பு. 1952இலிருந்து கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் விமானத்தில் மருந்தடித்தார்கள். மரம் பிழைத்தது, அதனால் புழுவுக்குச் சாப்பாடும் தீரவில்லை; தொல்லை ஓயாமல் நீண்டது.

இனி மற்றச் சொற்கள். ‘மீள்தன்மை’ பௌதிகத்தில் இழுத்து விட்ட கம்பிக்குப் போய்விட்டது. ‘தாங்குதிறன்’ ஓர் இடம் எத்தனை உயிரைத் தாங்கும் என்பதற்குப் புழங்குகிறது. ‘நிலைபேறு’ இலங்கையில் அபிவிருத்தியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பிய்க்க முடியாது. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘ஈடுகொடுதிறன்’ எனக்குப் பிடித்தது, ஆனால் ஈடுகொடுக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதில் சொல் இல்லை.

அதனால் நான் வைப்பது: நிலைகுலையாமை.

‘நிலைகுலைதல்’ எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். சூழற்றொகுதி (ஓரிடத்து உயிர்களும் சூழலும் சேர்ந்தது) ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவிழ்வதை ‘நிலைகுலைவு’ என்று அப்படியே சொல்லலாம். ஜமைக்காவின் முருகைக்கற்பாறைகளில் (பவளப்பாறைகளில்) நடந்தது அதுதான். பாசி மேயும் மீன்களைப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் சூறாவளி அடித்தது. 1983இல் நோய் வந்து, மிச்சமாக மேய்ந்துகொண்டிருந்த கடல்முள்ளிகளும் (முள் உடம்புக் கடலுயிர்கள்) செத்தன. பாதிக்கு மேல் உயிருள்ள முருகையாக இருந்த பாறைகளில் பின்னர் 5 சதவீதம்கூட மிஞ்சவில்லை, மற்றதெல்லாம் பாசி.

> நிலைகுலையாமை என்றால் ஆடாமல் அசையாமல் நிற்பது என்றல்லவா தொனிக்கிறது? ஹோலிங் மறுத்ததும் அதைத்தானே?

கோவையிலிருந்து வந்த இந்தக் கேள்விதான் என்னை உறங்க விடவில்லை. ஞாயிறு காலை இங்கே கொட்பே மீன்பிடித் துறையில் மீன் வாங்கப் போனபோது, வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் சும்மா கேட்டேன், வள்ளம் இப்படி ஆடுகிறதே, பயமில்லையா என்று. தலை நிமிராமல் சொன்னார்: “வள்ளமெண்டா ஆடத்தான் செய்யும் சேர். கவிழாட்டிச் சரி.” நிலைகுலையாமையில் நான் கேட்கிற பொருள் இதுதான். ஆட்டம் வேறு, குலைவு வேறு.

எதிர்மறைச் சொல் கலைச்சொல்லுக்கு ஆகாது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். குறளில் 63ஆம் அதிகாரத்தின் பெயரே இடுக்கண் அழியாமை. இதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை.

இன்னொரு வசதி, இந்தச் சொல் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. பாசி மூடிய பாறையும் லேசில் மாறாது, அதுவும் நிலைகுலையாமைதான். ‘மீள்திறன்’ என்று போட்டால் அது ஏதோ பாராட்டுப் போல ஆகிவிடுகிறது. மனவளத்துக்கும் அனர்த்த நிவாரணத்துக்கும் ‘மீண்டெழும் தன்மை’ இருந்துவிட்டுப் போகட்டும், அதில் நான் கை வைக்கவில்லை.

வகுப்பில் சோதித்தும் பார்த்தேன். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் முருகைகள் வெளிறிச் செத்தபோது, புறாத்தீவு போன்ற நமது திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் தப்பின என்று சொன்னதும் ஒரு பிள்ளை, “அப்ப புறாத்தீவுக்கு நிலைகுலையாமை கூடவா சேர்?” என்று கேட்டது. குலுங்காததை வைத்து அதைச் சொல்ல முடியாது, அடுத்த சூடு இங்கேயும் வந்தால்தான் தெரியும் என்றேன். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன், அது கடலாமை மாதிரி ஓர் ஆமையா என்றான். அந்தச் சந்தேகத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஆமை இல்லாத நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து