உதவி தேவை: பழங்கொடி ஷெனின் ஒயின் மீன் குழம்புடன் கசக்கிறது

ஃபீனிக்ஸ்வாசி:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் 60-ஆம் பிறந்தநாள் விருந்து. அதற்காக லேபிளில் பழங்கொடி (வயதான திராட்சைக் கொடியில் விளைந்தது) என்று போட்டிருந்த, ஷெனின் பிளாங்க் திராட்சையில் செய்த நம் தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின் ஆறு பாட்டில்களை, ஒன்று 120 ரேண்ட் வீதம் வாங்கினேன். நேற்றிரவு ஒன்றைத் திறந்து மீன் குழம்புடன் குடித்துப் பார்த்தபோது நாக்கு எரிந்தது, ஒயின் கசந்தது, மணமே இல்லை. கெட்டுவிட்டதா? மீதி ஐந்தையும் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? சனிக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும், தயவுசெய்து உதவுங்கள்.

சாட்ஸ்வர்த் அக்கா:
தம்பி, எந்த ஆண்டு ஒயின்? மரப்பீப்பாயில் வைத்ததா, வைக்காததா? எவ்வளவு குளிரில் ஊற்றினீர்கள்? குழம்பில் புளி எவ்வளவு, மசாலா எத்தனை கரண்டி? இவை தெரியாமல் எதையும் சொல்ல இயலாது.

டோங்காட்காரன்:
எனக்குத் தெரிந்து இது கந்தக வாடைதான். திருகு மூடி போட்ட பாட்டில்களில் காற்றுப் புகாததால் சில ஒயின்கள் அவித்த முட்டையைப் போலவோ, அணைந்த தீக்குச்சியைப் போலவோ மணக்கும். பழ மணம் அதற்குள் அமுங்கிவிடும். நன்கு கழுவிய செம்புக் கரண்டியை ஒரு நிமிடம் கிளாசில் விட்டுக் கலக்கினால் செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். பூசை அறையில் உத்தரணி இருக்குமே, அதுவே போதும்.

சாட்ஸ்வர்த் அக்கா:
பூசைக்கு உரிய உத்தரணியை மதுவில் விடச் சொல்லாதீர்கள், ஐயா. சமையலறையில் வேறு செம்புப் பாத்திரம் இருக்கும். மேலும் அவர் மணமே இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்; கெட்ட வாடை அடித்ததாக எங்கும் எழுதவில்லை.

கேப்வாசி:
இத்தகைய கேள்விகளுக்கு நான் இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படித்த பிறகு கேட்டிருந்தால் அனைவருக்கும் நேரம் மிஞ்சியிருக்கும். பழங்கொடி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டதும் வாங்கிவிடக் கூடாது. பாட்டிலின் கழுத்தில் பழங்கொடித் திட்டத்தின் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 35 ஆண்டுக்கு மேற்பட்ட தோட்டத்து ஒயினுக்கே அது கிடைக்கும், கொடி நட்ட ஆண்டும் அதில் இருக்கும். திராட்சைத் தோட்ட வல்லுநர் ரோசா குரூகர் 2002 முதல் அலைந்து திரிந்து இத்தோட்டங்களைக் கணக்கெடுத்ததன் பயனாகவே 2016-இல் அந்தத் திட்டம் உருவாயிற்று. அப்படிப்பட்ட ஒயினைக் குழம்புடன் குடிப்பது அதற்குச் செய்யும் அநீதி. வறுத்த கோழியோ வெண்ணெயில் வாட்டிய மீனோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெருலம் ஆசிரியர்:
முத்திரையைப் பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் பழைய கொடி என்பதற்காகவே ஒயின் உயர்ந்துவிடுமா? விலையை ஏற்றுவதற்கு வசதியான சொல்லாகவே எனக்குத் தோன்றுகிறது. என் பெரியப்பா காலத்தில் இதே திராட்சையை ஸ்டீன் என்று சொல்லி மலிவாக விற்றார்கள்.

கேப்வாசி:
ஸ்டீனும் ஷெனின் பிளாங்கும் ஒன்றே என்பது 1960-களிலேயே ஸ்டெல்லன்போஷில் நிறுவப்பட்ட செய்தி. அது மலிவாக விற்றதற்குக் காரணம், பெருவாரியாகப் பயிரிட்டுப் பிராந்தி காய்ச்சவும் சாதாரண ஒயின் செய்யவும் அனுப்பியதுதான். கேப் பகுதியின் ஸ்வார்ட்லாந்தில் நீர்ப்பாசனமே இல்லாமல், பந்தலும் இல்லாமல், குத்துச்செடியாக நிற்கும் வயதான கொடி சில கொத்துகளே காய்க்கும். எடைக்கு விலை பெறும் விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது; அதனால்தான் எத்தனையோ தோட்டங்களை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் சில ரேண்ட்தான் மிச்சத் தோட்டங்களைக் காப்பாற்றுகிறது.

வெருலம் ஆசிரியர்:
தோட்டம் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நான் கேட்டது சுவையைப் பற்றி.

ஃபீனிக்ஸ்வாசி:
மன்னிக்கவும், விவரங்களைச் சொல்ல மறந்துவிட்டேன். 2022-ஆம் ஆண்டு ஒயின், 14 சதவீதம், ஓக் பீப்பாயில் புளிக்க வைத்தது என்று பின்னால் எழுதியிருக்கிறது. முத்திரை இருக்கிறது, 1981. இரண்டு நாள் பிரிட்ஜில் இருந்தது, எடுத்தவுடன் ஊற்றினேன். குழம்பு ஆயா செய்வதைப் போல: தக்காளி, எலுமிச்சை அளவு புளி, முழுப் பூண்டு, கத்தரிக்காய், மசாலா நான்கு கரண்டி குவித்து.

சாட்ஸ்வர்த் அக்கா:
இப்போது விளங்கிவிட்டது, உங்கள் ஒயின் கெடவில்லை. மிளகாயின் காரம் நாவின் சுவைகளில் ஒன்றன்று. சூட்டை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது, ஆல்கஹாலும் அதே நரம்புகளைத் தூண்டுகிறது. ஆகவே 14 சதவீத ஒயினும் நான்கு கரண்டி மசாலாவும் சேர்ந்தால் எரியத்தான் செய்யும். குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை விஞ்சிவிட்டதால் ஒயின் சப்பென்று ஆகி, அடியில் இருக்கும் மரக் கசப்பு மட்டும் நாவில் நிற்கிறது. பிரிட்ஜின் கடுங்குளிரோ மணத்தை அடக்கி, கசப்பைத் தூக்கிக் காட்டும்.

போன மாதம் இதே வகை ஒயினை வைத்துக்கொண்டு, சிறு கிண்ணங்களில் ஐந்து பதார்த்தங்களை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை ஊறுகாயும் புளிக்குழம்பும் அதைக் கொன்றுவிட்டன. பருப்புடன் பாதகமில்லை. தேங்காய்ப்பால் விட்ட இறால் குழம்பில் பச்சை மிளகாய் இரண்டே போட்டிருந்தேன். அதை விழுங்கிவிட்டு ஒரு வாய் குடித்தபோது பழுத்த கொய்யாவும் தேனும் காய்ந்த வைக்கோலும் மணந்தன. மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்த கிங்கிளிப் மீனின் எண்ணெயை ஷெனினின் இயல்பான புளிப்பு துடைத்தெடுத்துவிட்டது. அடுத்த துண்டுக்குக் கை தானாகவே போயிற்று. ஆகவே குழம்புடன் சேராது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம், கேப்வாசி ஐயா. எந்தக் குழம்பு என்று கேட்க வேண்டும்.

விருந்துக்கு அரைமணி நேரம் முன்பே பிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள், 11 அல்லது 12 டிகிரி போதும். ஆயா முறைக் குழம்பை விட மனமில்லை என்றால், அதற்கு மட்டும் பீப்பாயில் வைக்காத, சற்றே இனிப்புள்ள ஷெனின் ஒரு பாட்டில் தனியாக வாங்குங்கள். காரத்தை இனிப்புத்தான் தணிக்கும்.

கேப்வாசி:
தேங்காய்ப்பால் சேர்க்கை பொருந்தும் என்பதை ஏற்கிறேன். அடியில் கண்ணாடித் துகள் போன்ற படிகங்கள் தென்பட்டால் அஞ்ச வேண்டாம். அது குளிரில் படியும் திராட்சை உப்பு. இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

டோங்காட்காரன்:
இருந்தாலும் செம்பை ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஃபீனிக்ஸ்வாசி:
விருந்து முடிந்தது. பொரித்த மீனுடனும் இறாலுடனும் ஊற்றினேன். நான்கு பாட்டில் காலி. கொய்யா மணக்கிறது என்று அப்பாவே சொன்னார். குழம்புக்கு அவர் தண்ணீர்தான் கேட்டார். அக்காவுக்கு மிக்க நன்றி.