வடக்கு இங்கிலாந்தின் செட்டில் – கார்லைல் ரயில் பாதை: இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

பனிமலை:
ரிபிள்ஹெட் ஸ்டேஷனில் இறங்கி அந்த 24 வளைவு ரயில் பாலத்தைக் கீழேயிருந்து பார்த்தாயிற்று. அடுத்த ரயிலுக்கு நிறைய நேரம் இருந்ததால் சேப்பல் லெ டேல் என்ற சிற்றூர் வரை நடந்தேன். சின்ன தேவாலயம். உள்ளே ஒரு நினைவுப் பலகை. செட்டிலுக்கும் டென்ட் ஹெட்டுக்கும் இடையே ரயில் வேலையின்போது விபத்தில் இறந்தவர்களுக்காக வைத்தது, 1869 முதல் 1876 வரை. ஒருவர் பெயரும் இல்லை. சக தொழிலாளர்களும் மிட்லண்ட் ரயில்வே கம்பெனியும் சேர்ந்து செலவை ஏற்றார்களாம். மழையிலும் சேற்றிலும் மண் வெட்டிய ஆட்கள், தங்கள் கூலியில் கொடுத்த காசு அது. அங்கேயே நின்றுவிட்டேன்.

வடக்குவாசல்:
பனிமலை, விபத்தோடு நிறுத்திவிட்டீர்களே. 1871ல் பெரியம்மை வந்து அந்த ரயில் தொழிலாளர்களின் குடியிருப்புகளையே உலுக்கியது. குடும்பத்தோடு வந்து தங்கியவர்கள் அவர்கள். அந்த தேவாலயத்தில் புதைக்கப்பட்டவர்கள் 200 பேர் அளவில்; பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. இடம் போதாமல் கல்லறைத் தோட்டத்தையே பெரிதாக்க வேண்டியிருந்தது. அந்தப் பலகை இவர்களைப் பற்றிப் பேசவில்லை. பாலத்தடியில் புல் மூடிய மேடுகளைப் பார்த்திருப்பீர்கள், அதெல்லாம் அவர்கள் வாழ்ந்த இடத்தின் மிச்சம். நான் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் ஒருவர் சொல்லித் தெரிந்தது. இன்றும் நினைத்தால் என்னவோ செய்கிறது.

ஜன்னலோரம்:
எனக்கு டென்ட் ஸ்டேஷன்தான். 350 மீட்டர் உயரம், இங்கிலாந்தின் மெயின் லைனில் அதைவிட உயரமான ஸ்டேஷன் கிடையாது. மேலே சரிவில் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை வரிசையாக நட்டு வேலி போட்டிருக்கிறார்கள், பனி தண்டவாளத்தில் சரியாமல் இருக்க. கட்டைகள் கறுத்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. 1947ல் பனி இந்தப் பாதையை வாரக்கணக்கில் மூடியது ஞாபகத்துக்கு வந்தது.
சரி, போகப்போகிறவர்களுக்கு: வடக்கே போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். இங்கிள்பரோ, வெர்ன்சைட் மலைகள், டென்ட் பள்ளத்தாக்கு மூன்றும் அந்தப் பக்கம். பெனிகென்ட் மலை மட்டும் வலது பக்கம், ஹார்ட்டன் ஸ்டேஷன் வரும்போது எழுந்து போய்ப் பாருங்கள். டென்ட் ஊர் ஸ்டேஷனிலிருந்து 6 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில்தானே என்று கிளம்பாதீர்கள். மழைக்கோட்டு கோடையிலும் வேண்டும். ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். முதல் தடவை போகிறவர்கள் எங்கும் இறங்காமல் கார்லைல் வரை போவதுதான் என் கட்சி.

தேநீர்ப்பொழுது:
ஜன்னலோரம் சொல்வதை ஏற்க மாட்டேன். இறங்காமல் போயிருந்தால் கார்ஸ்டேல் ஸ்டேஷனில் ரஸ்ஸப்பைப் பார்த்திருக்க மாட்டேன். பிளாட்பாரத்தில் அந்த நாய்க்கு வெண்கலச் சிலை. 1980களில் இந்தப் பாதையை மூடப் பார்த்தபோது ஆட்சேபம் தெரிவித்த ஆயிரக்கணக்கானவர்களில் இந்த நாயும் ஒன்று, கையெழுத்துக்குப் பதில் பாதத்தடம். 1989ல் மூடுவதில்லை என்று முடிவானது. மறுவருடம் நாயின் எஜமானர் வேல்ஸ் மலையில் நடக்கப்போய் இறந்தார். உடலைக் கண்டுபிடிக்கும்வரை 11 வாரம், குளிர்காலத்தில், நாய் பக்கத்திலேயே இருந்தது. என் மகள் அதன் மூக்கைத் தடவிவிட்டு, "அது என்னம்மா சாப்பிட்டிருக்கும்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம் அங்கே இறங்குங்கள்.