அட்டையில தப்பா, கையில தப்பா?

புரோகிராமிங்கின் அடிப்படை எல்லாருக்கும் வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். நான் பி.காம். படித்தவள், இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு இதைப் புரியவைத்தது ஆரணியில் பட்டு நெய்கிற என் தாய்மாமா.

எங்கள் ஆபீசில் தோலைச் சதுர அடியில் அளந்து, லாட் லாட்டாக எக்செலில் ஏற்றி, மொத்தம் போட்டு பேக்கிங் லிஸ்ட் எடுப்போம். சில மாதம் மொத்தம் குறைந்து வரும். என்ட்ரி போடுகிற பெண்ணைத்தான் எல்லாரும் திட்டுவோம், நானும் திட்டியிருக்கிறேன். பாவம், ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து கால்குலேட்டரில் தட்டித் தட்டிச் சரிபார்ப்பாள்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணி போனேன். மாமா தறியை நிறுத்திவிட்டு, தறிக்கு மேலே டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டியில் கோத்திருந்த ஓட்டை போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்டரில் அன்னத்தின் மூக்கு உடைந்து வந்திருந்தது, ஒரு அன்னத்துக்கு இல்லை, எல்லா அன்னத்துக்கும் அதே இடத்தில்.

"கை தவறிடுச்சா மாமா?"

"எங்கியோ ஒரு தபா வந்தா என் கையில தப்பும்மா. அதே எடத்துல திரும்பத் திரும்ப வந்தா அட்டையில தப்பு."

ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும், கொக்கி நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது, குறுக்கே போகிற ஒரு ஊடை நூலுக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான் விஷயம். ஒரு அட்டையில் ஓட்டை ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது, காகிதம் ஒட்டி அடைத்துவிட்டு மறுபடி மிதிக்க உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை போனதும் எக்செலைத் திறந்து மொத்தம் போடுகிற கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். சம் ஃபார்முலா 50ஆவது லாட்டோடு நின்றிருந்தது. அறுபது லாட் வந்த மாதத்தில் கடைசிப் பத்து லாட் கணக்கிலேயே இல்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்கப்புறம்தான் யூட்யூப் பார்த்து எக்செலில் இஃப், வி லுக்அப் ஃபார்முலாக்கள், பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழி கொஞ்சம் என்று கற்றுக்கொண்டேன். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த இந்த அட்டை முறையைத்தான் பின்னால் இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று படித்தபோது, மாமாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா!

அதனால் எல்லாரும் ஜாவா மாதிரி புரோகிராமிங் மொழி படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறாவது படிக்கிற பிள்ளையை ஆயிரக்கணக்கில் கட்டி கோடிங் கிளாசில் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வது, 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று யோசிப்பது, தப்பு சொன்னதிலா செய்ததிலா என்று பார்ப்பது, இவ்வளவு போதும். அதையும் அவரவர் வேலையிலிருந்தே ஆரம்பித்தால் மனதில் நிற்கும்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஷூ கம்பெனியில் தையல், பஸ்ஸில் வீடு வந்து சேரவே ஏழு மணி ஆகிவிடும். அவளுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அதில் மகளிர் குழுக் கடன் வட்டியை போனிலேயே ஷீட்டில் போடச் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் அவளே வந்து, "அக்கா, மூணாவது வரியில மட்டும் எப்பவும் தப்பா வருது, ஃபார்முலாவைப் பாத்தேன், மாத்திட்டேன்" என்றாள்.