அமெரிக்காவில் இரு கட்சிகளும் ஒத்துப்போக இடம் இருக்கிறதா?

கொன்றை:
2022-இல் ஜனநாயகக் கட்சி தனியாக, செனட் என்ற மேலவையில் ஓட்டு சரிசமமாக நின்றபோது துணை அதிபரின் ஓட்டை வைத்து, காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் இருந்த வரிச்சலுகையை நீட்டி விரிவாக்கியது. 2025 ஜூலையில் குடியரசுக் கட்சி தனியாக, அதேபோல் துணை அதிபரின் ஓட்டை வைத்து அதை வெட்டியது. முதலீடு செய்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு கட்சியும் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் இருக்கும், பூமியைச் சூடாக்கும் எச்.எஃப்.சி. வாயுவை 15 ஆண்டுகளில் 85% குறைக்கும் சட்டத்தைப் பாருங்கள். செனட்டர்களில் டெலவேரின் கார்ப்பர் ஜனநாயகக் கட்சி, லூசியானாவின் கென்னடி குடியரசுக் கட்சி. இருவரும் சேர்ந்து முன்னெடுத்தார்கள். 2020 டிசம்பரில் கையெழுத்திட்டவர் டிரம்ப்.

மலைக்காற்று:
அது எப்படி நிறைவேறியது என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. மாற்று வாயு தயாரிக்கும் கம்பெனிகளே அந்தச் சட்டத்தைக் கேட்டன. கம்பெனி கேட்டால் ஒற்றுமை வரும். கேட்காத இடத்தில்? கரியமில வாயுவுக்கு வரம்பு வைக்கும் மசோதா 2009-இல் கீழவையில் 219-212 என்று தப்பிப் பிழைத்தது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அமில மழையைக் குறைக்க 1990-இல் சட்டம் போட்ட தந்தை புஷ்ஷின் கட்சி இன்று இல்லை.

கொன்றை:
தேர்தல் சட்டத்தை எந்தக் கம்பெனி கேட்டது? 1887-இன் பழைய சட்டப்படி அதிபர் தேர்தலில் ஒரு மாநிலத்தின் முடிவை எதிர்க்க, அவைக்கு ஓர் உறுப்பினர் போதும். டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6-இல், சட்டத்தின் அந்தப் பலவீனம் எவ்வளவு ஆபத்தானது என்று நாடே பார்த்தது. குடியரசுக் கட்சி செனட்டர் காலின்ஸும் அப்போது ஜனநாயகக் கட்சியில் இருந்த செனட்டர் மான்ச்சினும் உட்கார்ந்து பேசி, 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும். முடிவை மாற்றும் அதிகாரம் துணை அதிபருக்கு இல்லை என்றும் எழுதிவிட்டார்கள். எனக்கு இது பெரிய விஷயம்.

மலைக்காற்று:
எண்ணுவதில் உடன்பாடு வந்தது, சரி. தொகுதி வரைவதில்? 2025-இல் டெக்சாஸ் பத்தாண்டுச் சுழற்சியின் பாதியிலேயே தொகுதி எல்லையை மாற்றியது, கலிஃபோர்னியா பதிலுக்கு மாற்றியது. கம்பெனி விஷயத்திலும் நான் சொன்னதில் நிற்கிறேன்.

புழுதிக்காடு:
ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். கம்பெனி வாதம் எப்போதும் எடுபடாது. மாநிலங்கள் செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் போடுவதைத் தடுக்கும் பிரிவைப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் விரும்பின. செனட் 2025 ஜூலை 1-இல் அதை 99-1 என்று தூக்கி எறிந்தது.

எரிசக்தியில் உண்மையான முட்டுக்கட்டை மின்கம்பிதான். எங்கள் மாநிலத்தில் மேற்கே காற்று வீசுகிறது, ஊர்கள் கிழக்கே இருக்கின்றன. 2005-இல் குடியரசுக் கட்சி ஆட்சியில் சட்டம் போட்டு, ஏறக்குறைய 700 கோடி டாலரில், சுமார் 3,600 மைல் கம்பி இழுத்தார்கள். செலவு எல்லாருடைய கரண்ட் பில்லிலும் ஏறியது. காற்று மின்சாரத்தில் நாட்டிலேயே டெக்சாஸ் முதலிடம். பருவநிலை என்ற சொல்லை வைத்துச் சண்டை போட்டிருந்தால் ஒரு கம்பமும் நட்டிருக்க மாட்டார்கள்.

மலைக்காற்று:
99-1 பற்றி: வேண்டாம் என்று சொல்லச் சேர்வது எளிது. குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு மசோதா 2024 ஜூலையில் செனட்டில் 91-3 என்று நிறைவேறி, கீழவையில் கிடந்தே காலாவதியானது. கம்பி விஷயம் வேறு, அதை ஏற்கிறேன். ஆனால் எரிசக்தித் திட்டங்களுக்கு அனுமதியை வேகப்படுத்த 2024-இல் மான்ச்சினும் குடியரசுக் கட்சி செனட்டர் பராசோவும் கொண்டுவந்த மசோதாவில், கம்பியோடு அரசு நிலத்தில் எண்ணெய் எரிவாயு எடுக்கும் குத்தகையையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்த விலை எனக்குச் சம்மதமில்லை.

புழுதிக்காடு:
செனட் குழுவில் 15-4 என்று தேறிய மசோதா அது. குத்தகை வேண்டாம் என்று நீங்களும் கம்பி வேண்டாம் என்று அவர்களும் நின்றதில் முழு அவைக்கே போகவில்லை. குத்தகை இப்போது, வரிச்சலுகையை வெட்டிய அதே 2025 சட்டத்தில் எப்படியும் வந்துவிட்டது. கம்பிதான் வரவில்லை.

மலைக்காற்று:
அடுத்த முறை கம்பிக்கான பிரிவுகள் முதலில் கறாராக எழுதப்பட்டிருந்தால் பேசலாம். குத்தகைக்குத் தேதி போட்டு, கம்பிக்கு வாக்குறுதி மட்டும் கொடுத்தால் மறுபடியும் எதிர்ப்பேன்.