டவுன் சிண்ட்ரோம் குழந்தை, 8 மாசம்: ஊட்டுற கஞ்சியை நாக்கால வெளியே தள்ளுது

சாட்ஸ்வொர்த் அண்ணி:
தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கோம். நாத்தனார் பொண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம். 8 மாசம். தலை நல்லா நிக்குது, பிடிச்சுக்கிட்டா உக்காருவா. 6 மாசத்துல ஆரம்பிச்ச மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி பாதிக்கு மேல மோவாயிலதான் வழியுது. தண்ணியாக் கரைச்சா இருமல், கெட்டியாக் குடுத்தா துப்பல். மலச்சிக்கல் வேற. நாக்கு தடிச்சிருக்கு, வசம்பு தேய்னு பாட்டி சொல்றாங்க. எந்தப் பதத்துல, எப்படி ஊட்டணும்?

ஃபீனிக்ஸ் அக்கா:
வசம்பு வேண்டவே வேண்டாம். ஒரு வயசு ஆகுற வரைக்கும் தேனும் கூடாது.

நாக்கு தடிச்சதில்லைம்மா. வாய்க்கூடு சின்னது, மேலண்ணம் ஒடுங்கினது, தசை தளர்வு. அதனால நாக்கு முன்னால வந்து நிக்குது. தள்ளுறதும் வேண்டாம்னு சொல்றதில்லை, பால் சப்புற அதே முன்-பின் அசைவுதான். அதனால கஞ்சியை மாத்துறதுக்கு முன்னாடி உக்கார வைக்கிறதையும் கரண்டியையும் மாத்துங்க.

முதல்ல நாற்காலி. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணும் நேர்க்கோணத்துல மடங்கணும். வழுக்கி முன்னால வந்தா, டிராயர்ல விரிக்கிற வழுக்காத ரப்பர் பாயை வெட்டி அடியில போடுங்க. ரெண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைங்க. பாதம் தொங்கக்கூடாது, கீழே ஒரு பெட்டி வைங்க. எல்லாரும் விடுற தப்பு இதுதான்: காலுக்குப் பிடிப்பு இல்லைன்னா முதுகு சரியும், மோவாய் மேல போகும், சாப்பாடு தொண்டைக்கு நேரா ஓடும்.

அடுத்து கரண்டி. குழி இல்லாத சின்ன தட்டைக் கரண்டி. பால் புகட்டுற பாலாடைக் கிண்ணம் கூடாது, அது ஊத்துற சாமான். கரண்டியில அரை டீஸ்பூன் போதும். குழந்தை கண்ணு மட்டத்துக்குக் கீழே இருந்து நேரா கொண்டுபோய், நடு நாக்குல வைச்சு லேசா கீழே அழுத்துங்க. அழுத்தினா நாக்கு உள்ளே இழுக்கும். மேலுதடு இறங்கி மூடுற வரைக்கும் பொறுங்க. மூணு நாலு விநாடிகூட ஆகலாம். அப்புறம் நேரா வெளியே இழுங்க. மேல் ஈறுல வழிச்சு எடுக்காதீங்க. வழிச்சா உதடு வேலையே செய்யாது, நாக்கு இன்னும் முன்னால வரும்.

வாய் திறந்தே இருந்தா தாடைக்குத் தாங்கல் குடுங்க. குழந்தைக்குப் பக்கவாட்டுல உக்காந்து ஒரு கையைத் தோளைச் சுத்திக் கொண்டுவாங்க. ஆள்காட்டி விரல் கீழுதட்டுக்குக் கீழே, நடுவிரல் மோவாய் எலும்புக்கு அடியில. மேலே தள்ளக்கூடாது, தாங்கினாப் போதும்.

பதம்: கரண்டியைச் சாய்ச்சா மெதுவா வழியணும், சொட்டக்கூடாது. கட்டி இல்லாத மீலி மீல், மசிச்ச பட்டர்நட் பூசணி, அவகாடோ எல்லாம் சரி. பீன்ஸ்னா தோலை வடிகட்டிடுங்க. இட்லியை ரசத்துல ஊறப்போட்டுக் குடுக்கறதுதான் ஆபத்து. தண்ணி ஒரு பக்கம், பருக்கை ஒரு பக்கம். கெட்டிப் பருப்புல மசிச்சுக் குடுங்க. பல் 12, 14 மாசத்துக்கு மேலகூட வரலாம். பல்லுக்காகக் காத்திருந்து ரெண்டு வயசு வரைக்கும் கூழாவே குடுத்தா மெல்லப் பழகாது.

பைன்டவுன் மாமா:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பாட்டில் நிப்பிள் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி கஞ்சியை விட்டுட்டா இறங்கிடுமே.

வார்டு நர்ஸ்:
மாமா, அதைச் செய்யவே கூடாது. இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தண்ணியாக் குடுத்தா இருமுது. ஓட்டை பெரிசானா ஒரு வாய்க்கு வர்ற அளவு அதிகமாகும். அது மூச்சுக்குழாய்க்குப் போகும்.

அண்ணி, இதைக் கவனிங்க: ஊட்டினதும் குரல் ஈரமா கரகரன்னு இருக்கா, கண்ணுல தண்ணி வருதா, அடிக்கடி சளிக்காய்ச்சல் வருதா? டவுன் சிண்ட்ரோம்ல சில பிள்ளைங்களுக்கு இருமலே இல்லாம நுரையீரலுக்கு இறங்கும். கிளினிக்ல ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு ரெஃபரல் கேளுங்க. பேரு பேச்சுன்னு இருந்தாலும் விழுங்கறதையும் அவங்கதான் பார்க்கறாங்க. தேவைப்பட்டா பேரியம் குடுத்து எக்ஸ்ரே வீடியோவுல விழுங்கறதைப் பார்ப்பாங்க. அரசு மருத்துவமனையில 6 வயசுக்குள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. அதுவரைக்கும் நீங்களா சோளமாவோ கெட்டியாக்குற பவுடரோ பால்ல கலக்காதீங்க.

மலச்சிக்கலுக்கு ப்ரூன், பப்பாளி மசிச்சுக் குடுங்க. ஆனா தைராய்டு குறைஞ்சாலும் மலச்சிக்கல் வரும், அதனால முதல்ல தைராய்டு டெஸ்ட் பாருங்க. பிறந்தப்போ, 6 மாசம், 12 மாசம், அப்புறம் வருஷா வருஷம் பார்க்கணும். பிறக்குற எல்லாக் குழந்தைக்கும் குதிகால் ரத்தம் எடுத்து இதைப் பார்க்கிற தேசியத் திட்டம் தென்னாப்பிரிக்காவுல இல்லை. பார்த்திருப்பாங்கன்னு நம்பிடாதீங்க, குழந்தையோட கிளினிக் புக்லெட்ல ரிசல்ட் எழுதியிருக்கான்னு பாருங்க. வயிறு உப்பிக் கெட்டியா இருந்தாலோ, பிறந்ததும் முதல் மலம் 48 மணி நேரத்துக்கு மேல தாமதமா வந்திருந்தாலோ, குடல் நரம்புக் கோளாறா இருக்கலாம். டாக்டர்கிட்ட அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்க.

குடிக்கறப்போ வேர்க்குதா, பத்து நிமிஷத்துல களைச்சுத் தூங்குறாளா? எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாச்சா? இந்தப் பிள்ளைங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. இதயத்துல பெரிய ஓட்டை இருந்தாலும் சில சமயம் முணுமுணுப்புச் சத்தமே கேக்காது, ஸ்டெதஸ்கோப்பை நம்பி விட்டுடக்கூடாது.

சாட்ஸ்வொர்த் அண்ணி:
எக்கோ எடுத்தாச்சு, சின்ன ஓட்டைதான், பார்த்துக்கலாம்னாங்க. தைராய்டு பக்கம் காலியா இருக்கு! எடை, புக்லெட்ல இருக்குற ரோடு டு ஹெல்த் வளர்ச்சிச் சார்ட்ல கீழ் கோட்டுக்கும் கீழே. சாஸா (அரசு சமூக உதவி அமைப்பு) உதவித்தொகை கிடைக்குமா?

ஃபீனிக்ஸ் அக்கா:
அந்தச் சார்ட் எல்லாக் குழந்தைக்கும் பொதுவானது. 2015ல அமெரிக்காவுல வந்த டவுன் சிண்ட்ரோம் வளர்ச்சிச் சார்ட்டையும் பக்கத்துல வைச்சுப் பாருங்க. அதுலயும் கோடு இறங்கிட்டே போனா காரணம் தேடணும். ஒரு வேளைக்கு 30 நிமிஷத்துக்கு மேல ஊட்டாதீங்க, ஊட்டுற களைப்புலயே எடை போகும். கஞ்சி இறக்கினதும் அரை டீஸ்பூன் நெய் விடுங்க.

உதவித்தொகை பேரு கேர் டிபெண்டன்சி கிராண்ட். 18 வயசு வரைக்கும். பெற்றோர் குடிமகனாவோ, நிரந்தரவாசியாவோ, அகதியாவோ இருக்கணும். வேலை விசாவுல இருக்கறவங்களுக்குக் கிடைக்காது. வருமான வரம்பும் உண்டு. மருத்துவ அறிக்கை 3 மாசத்துக்கு மேல பழசாயிருக்கக்கூடாது, அதனால மத்த காகிதமெல்லாம் சேர்த்த பிறகு டாக்டரைப் பாருங்க. ‘டவுன் சிண்ட்ரோம்’னு மட்டும் எழுதினா போதாது. நோய்ப் பேரைப் பார்த்து இல்லை, முழுநேரப் பராமரிப்பு தேவையான்னு பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. ஊட்ட எத்தனை நேரம், இரவுல எத்தனை தடவை, எத்தனை தெரபி, எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க. மறுத்துட்டா 90 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம். மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

பைன்டவுன் மாமா:
நிப்பிள் ஓட்டை யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். ரப்பர் பாய் வேணும்னா என்கிட்ட மிச்சம் இருக்கு.