பாலிஷ் போட்ட அலுமினிய விமானத்தில் உப்புக் கறை: எப்படி எடுப்பது?

வால்சக்கரம்:
வணக்கம். டெக்சாஸில் சான் அந்தோனியோவில் இருக்கிறேன். நானும் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து 1946 செஸ்னா 140 விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். இறக்கை துணி, உடம்பு பெயின்ட் அடிக்காத அலுமினியம். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி வைத்திருந்தோம்.

ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) கதவு ரிப்பேர் என்று இரண்டு வாரம் வெளியே கட்டிப் போட்டோம். பக்கத்துப் புல்தரை ஸ்பிரிங்க்ளர் தினமும் விடியற்காலையில் இடதுபக்கத்தை நனைத்திருக்கிறது, மூன்று பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. இங்கே தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. நம்மூரில் போர் தண்ணீர் பிடித்த பக்கெட்டில் வெள்ளை படியுமே, அதே கதை. இப்போது கதவுக்குப் பின்னாலிருந்து வால் வரை வெள்ளை வட்டங்கள், சில ஒரு ரூபாய் அளவு. ஷாம்பு போட்டுக் கழுவினேன். ஈரமாக இருக்கும்போது மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கிறது. நேரே பாலிஷ் மெஷினை எடுத்துவிடலாமா?

கொங்கு_காற்றாடி:
பாத்ரூம் டைல்ஸுக்கு ஊற்றுகிற ஆசிடைத் தண்ணீர் கலந்து துடைத்துப் பாருங்கள், ஒரே நிமிடம். பயமாக இருந்தால் புளி. எங்கள் அப்பத்தா பித்தளைக் குடத்தைப் புளியும் உப்பும் போட்டுத்தான் தேய்ப்பார், தங்கம் மாதிரி இருக்கும்.

பழைய_ஏஎம்இ:
தம்பி, மேலே சொன்ன இரண்டையும் செய்துவிடாதீர்கள். மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பில் இருந்து ரிடையர் ஆனவன், உரிமையோடு சொல்கிறேன். டைல்ஸ் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கறையைத் தின்றுவிட்டு அலுமினியத்தையும் தின்னும். இடுக்கில் தங்கிய குளோரைடு பிறகும் சும்மா இருக்காது, குழி குழியாக அரிக்கும். அப்பத்தாவின் புளி பித்தளைக்குச் சரி. கூடவே வரும் உப்புதான் இங்கே வில்லன். சோடா உப்பு, மெஷினில் பாத்திரம் கழுவும் பவுடர் போன்ற காரமான சாமான்களும் ஆகாது. அலுமினியம் கறுத்துப் போகும்.

முதலில் ஒன்று பாருங்கள். வட்டத்தின் விளிம்பில் நகத்தை அழுத்தாமல் ஓட்டுங்கள். சொரசொரவென்று தட்டினால் மேலே படிந்த சுண்ணாம்பு, கரைத்து எடுக்கலாம். தட்டாமல் வழுக்கினால், அல்லது லேசாகப் பள்ளம் தெரிந்தால், தண்ணீர் உலோகத்தையே கடித்துவிட்டது. அதற்கு பாலிஷ்தான்.

வால்சக்கரம்:
ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் தட்டுகிறது. ஸ்பிரிங்க்ளர் நேராக அடித்த இடத்தில் மட்டும் சில வட்டங்கள் வழுவழுவென்று இருக்கின்றன. பக்கத்து ஹேங்கர்காரர் மெல்லிய ஸ்டீல் உல் கொடுத்து, இதை வைத்துத் தேய் என்கிறார்.

பழைய_ஏஎம்இ:
வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விமானத்தில் மட்டும் படவிடாதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடிக்கும். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அந்த இடத்தில் அரிப்பு வேகமாகும்.

தட்டுகிற கறைக்கு: 5 சதவீத வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சமமாகக் கலக்குங்கள். விமானம் நிழலில் நிற்க வேண்டும், தொட்டால் தகடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கலவையில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைக் கறைமேல் ஒட்டி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். தேய்க்க வேண்டாம், காயவும் விட வேண்டாம். எடுத்ததும் டிஸ்டில்டு வாட்டரால் தாராளமாகக் கழுவி உடனே ஒற்றி எடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதே சுண்ணாம்பைத் திரும்ப ஊற்றுகிறீர்கள். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவு செய்து பாருங்கள்.

ஸ்பிரேயர் வேண்டாம். தகடு மேல் தகடு ஏறும் இடுக்கிலும் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) ஓரத்திலும் வினிகர் புகுந்தால் வெளியே வராது. அங்கெல்லாம் கழுவிய பிறகு காற்று அடித்து உலர்த்துங்கள். ஜன்னல் அக்ரிலிக்கையும் இறக்கைத் துணியையும் மூடிவிடுங்கள்.

இன்னொன்று. வேகமும் உயரமும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் எடுக்கும் பிடோ குழாய், ஸ்டாடிக் துளை எது இருந்தாலும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கலர் டேப் ஒட்டுங்கள். எத்தனை ஒட்டினீர்கள் என்று தாளில் எழுதி, சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள். 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். விமானத்தைச் சுத்தம் செய்யும்போது ஸ்டாடிக் துளைகளில் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் பொய் சொல்லிக்கொண்டே இருந்தன.

கொங்கு_காற்றாடி:
ஐயா, ஆசிட் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வால்சக்கரம்:
சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. துணியை எடுக்கும்போது ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி, பார்க்கவே திருப்தி. வழுவழு வட்டங்கள் பதினொன்று அப்படியே இருக்கின்றன. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் பால் ஆடை மாதிரி மங்கல். எந்த பாலிஷில் தொடங்குவது? முரட்டு கிரேடு ஒன்றும் பாதி டப்பா இருக்கிறது.

பழைய_ஏஎம்இ:
முரடைத் தொடாதீர்கள். உங்கள் தகட்டில் வெளியே தெரிவது ஆல்கிளாட், அதாவது உள்ளே இருக்கும் உறுதியான கலவைக்கு மேல் போர்த்திய சுத்த அலுமினியம். அரிப்பைத் தடுப்பது அந்தப் போர்வைதான். 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவையின் மெல்லிய தகடுகளில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு மொத்தத் தடிமனில் 5 சதவீதம். 0.8 மி.மீ. தகடென்றால் 0.04 மி.மீ., தலைமுடியைவிட மெல்லியது. 1946லிருந்து எத்தனை பேர் அதைத் தேய்த்தார்களோ, கணக்கு யாரிடமும் இல்லை.

இருப்பதிலேயே மென்மையான கிரேடில் ஒரு வட்டத்தை மட்டும் கையால் முயலுங்கள். துணி கறுத்தால் பயப்பட வேண்டாம், அலுமினியம் வருகிறது என்று அர்த்தம். ஆனால் கறுப்பு வரும் ஒவ்வொரு தடவையும் போர்வை கொஞ்சம் போகிறது. மெஷின் எடுத்தால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், ரிவெட் தலைமேல் அழுத்தாதீர்கள். அங்கேதான் முதலில் தேயும். வட்டம் மங்கினால் போதும், அழியும் வரை துரத்தாதீர்கள். எங்காவது குழியோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் பாலிஷை நிறுத்திவிட்டு உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வால்சக்கரம்:
ஒன்பது போய்விட்டது. இரண்டு வட்டம் கதவுக்குப் பின்னால் ரிவெட் வரிசை ஓரமாக இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டோம். குழி எதுவும் இல்லை என்று மெக்கானிக்கும் பார்த்துச் சொன்னார். ஸ்பிரிங்க்ளர் தலையையும் திருப்பி வைத்தாயிற்று. நாளைக்குக் காலையில் பறக்கலாம் என்றிருக்கிறோம்.

பழைய_ஏஎம்இ:
சந்தோஷம். டேப் எத்தனை?

வால்சக்கரம்:
தாளில் நான்கு. கையில் மூன்றுதான் இருந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன், நான்காவது சிவப்பாக அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன் ஐயா.